பேட்டரி வைத்த அப்பா காந்த மேட்டில் படுக்கலாமா?

முழங்கால் வலி பற்றிப் போன இதழில் எழுதும்போது, காந்தத் துடிப்பு சிகிச்சை எல்லோருக்கும் ஆகாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிறைத்துவிட்டன. விளம்பரங்களில் பி.இ.எம்.எஃப். என்று வருகிறதே, அதுதான் இது. மேட்டாகவும் பெல்ட்டாகவும் முழங்காலைச் சுற்றி மாட்டும் வளையமாகவும், இப்போது உட்காரும் நாற்காலியாகவும்கூட விற்கிறார்கள். சில கடிதங்களைப் படித்தபோது உண்மையிலேயே பதறிவிட்டது. அதனால் அவசரமான கடிதத்தையே முதலில் எடுக்கிறேன்.

அன்புள்ள மேடம், அப்பாவுக்கு 68 வயது. மூன்று வருடம் முன்னால் நெஞ்சில் பேட்டரி, அதாவது இதயத்தைத் தூண்டித் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் வைத்தோம். இப்போது முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியவில்லை. சித்தப்பா ஒரு காந்த மேட் வாங்கி வந்திருக்கிறார். "இப்ப வர்ற பேஸ்மேக்கர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனையே தாங்கும், இது என்ன பிரமாதம்" என்கிறார். அப்பா இரண்டு நாள் அதில் படுத்தும் விட்டார். பயப்பட வேண்டுமா? – ஒரு வாசகி, காரைக்குடி

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் அம்மா. மேட்டைச் சுருட்டி வேறு அறையில் வையுங்கள். அப்பாவுக்குத் தலைசுற்றல், கண் இருட்டுதல், படபடப்பு எதுவும் வரவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. காந்தப் புலத்தை விட்டு விலகியதும் பெரும்பாலான பேஸ்மேக்கர்கள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனாலும் வைத்த இடத்துக்கு அழைத்துப் போய் ஒரு தடவை செக் பண்ணிவிடுங்கள். மார்பின் மேல் ஒரு கருவியை வைத்து, உள்ளே பதிவானதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள், ஊசிகூடக் கிடையாது. தலைசுற்றலோ மயக்கமோ வந்திருந்தால் மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் உடனே போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன், சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் பார்த்திருப்பீர்கள், நெருப்பே இல்லாமல் பாத்திரம் சுடும். கண்ணாடிக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் மாறிக்கொண்டே இருப்பதால் காந்தப் புலமும் மாறுகிறது, மாறும் காந்தப் புலம் பாத்திரத்தில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த விஷயம் இது. காந்த மேட்டுக்குள் இருப்பதும் கம்பிச் சுருள்தான். அடுப்பில் ஒரு நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் மாறும், மேட்டில் சில தடவையோ சில நூறு தடவையோ துடிக்கும், வேகமும் பலமும் வேறு, அவ்வளவுதான்.

அப்பாவின் உடம்புக்குள் பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்கு ஒரு வயர் போகிறது. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று அந்த வயர் வழியாகக் கருவி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்பது சில மில்லிவோல்ட் சத்தம்தான். மேட்டின் துடிப்பு அதே வயரில் ஒரு சின்ன மின்னழுத்தத்தை உண்டாக்கினால், "இதயம் தானாகத் துடிக்கிறது, நான் தூண்ட வேண்டியதில்லை" என்று கருவி நினைத்துச் சும்மா இருந்துவிடலாம். தானாகத் துடிக்கும் பலம் இல்லாத இதயத்துக்கு அந்த ஒரு சில விநாடியே மயக்கம் வரப் போதும். இன்னொன்று, பேஸ்மேக்கருக்குள் காந்தத்தை உணரும் ஒரு பகுதி உண்டு. டாக்டர்கள் பரிசோதிப்பதற்காக வைத்தது. காந்தம் பக்கத்தில் வந்தால் கருவி இதயத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும். ஐ.சி.டி. என்று ஒன்று உண்டு, இதயம் ஆபத்தாகத் தடம் புரண்டால் ஷாக் கொடுத்துக் காப்பாற்றும் கருவி. காந்தம் பட்டால் அது காவலையே நிறுத்திவிடும். இல்லாவிட்டால் மேட்டின் துடிப்பைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கும். இரண்டுமே பொல்லாதது.

எம்.ஆர்.ஐ. விஷயத்தில் சித்தப்பா பாதி சரி. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கர் உண்டு. ஆனால் ஸ்கேனுக்கு முன்னால் ஒருவர் வந்து அதைத் தனி மோடுக்கு மாற்றுவார், உள்ளே இருக்கும் நேரம் முழுக்க ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும், முடிந்ததும் பழைய மோடுக்குத் திருப்புவார். உங்கள் வீட்டு ஹாலில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? காந்தப் புலத்தின் பலத்தை காஸ், டெஸ்லா என்ற அளவுகளில் சொல்வார்கள், ஆயிரம் மில்லி டெஸ்லா ஒரு டெஸ்லா. எம்.ஆர்.ஐ. அறைகளில் 5 காஸ், அதாவது 0.5 மில்லி டெஸ்லா எல்லையைத் தாண்டிப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வரக் கூடாது என்று காலங்காலமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டும் மேட்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இண்டக்ஷன் அடுப்பிலிருந்தே இரண்டடி தள்ளி நிற்கச் சொல்கிறோம், மேட்டின் மேலேயே படுப்பதை என்னவென்று சொல்ல?

இதைப் படிக்கிற பிசியோதெரபிஸ்ட் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சில வருடம் முன்னால் ஒரு பாட்டி தோள் வலிக்கு வந்தார். உடம்புக்குள் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன், ஒன்றும் இல்லை என்றார். ஆபரேஷன்? அதுவும் இல்லை. வளையத்தை மாட்டப் போகும்போது முந்தானையை விலக்கினார், இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. "இது என்ன பாட்டி?" என்றேன். "அது பேட்டரிம்மா, அது ஆபரேஷன் இல்லியே, மரத்துப்போக ஊசி போட்டு வெச்சாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் அவர் பாஷையில் கேட்கவில்லை. அன்றிலிருந்து "நெஞ்சில் பேட்டரி வைத்திருக்கிறீர்களா" என்றுதான் கேட்கிறேன், கேட்டதோடு விடாமல் தொட்டும் பார்த்துவிடுகிறேன். நீங்களும் அப்பாவின் பேஸ்மேக்கர் கார்டை அவர் பர்சிலேயே வையுங்கள். எந்தக் கரண்ட் வைத்தியத்துக்கும் முன்னால் அதைக் காட்டட்டும். டென்ஸ் என்கிற சின்ன வலி நீக்கிக் கருவிக்கும் இது பொருந்தும்.

முழங்காலுக்கு என்ன செய்வது என்கிறீர்களா? நாற்காலியில் உட்காரவைத்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைச் சதையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். ஆறு வாரம் விடாமல் செய்தபின் மாடிப்படி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

மேடம், பைக் விபத்தில் கீழ்க்கால் எலும்பு முறிந்து ராடு வைத்து ஏழு மாதம் ஆகிறது. எலும்பு இன்னும் கூடவில்லை. எலும்பு டாக்டர் ஒரு காந்தக் காயில் வாடகைக்கு எடுத்து தினமும் மாட்டச் சொல்கிறார். உள்ளே இருக்கும் ராடு சூடாகாதா? இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா? – 27 வயது வாசகர், திருநெல்வேலி

தம்பி, இந்த சிகிச்சை பிறந்ததே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். எலும்பை வளைத்தால் அதில் மிகச் சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது என்று ஜப்பானில் ஃபுக்காடாவும் யசுதாவும் 1957-ல் காட்டினார்கள். நடக்கும்போது எலும்பு தன்னைத் தானே பலப்படுத்திக்கொள்வதற்கு இந்த மின்சாரமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று யோசனை கிளம்பியது. அப்படியானால் வெளியிலிருந்தே தூண்டிப் பார்க்கலாமே என்று நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பேசட் என்ற எலும்பு மருத்துவர் காந்தச் சுருள்களைக் கொண்டு முயன்றார். 1979-ல் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., கூடாத எலும்புக்கு இதைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. ஆகவே உங்கள் டாக்டர் சொன்னது ஏமாற்று வேலை இல்லை.

அதே நேரம் மிகையாக நம்பவும் வேண்டாம். நீண்ட எலும்புகள் கூடாமல் போன நோயாளிகளிடம் நடந்த சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு 2011-ல் சேர்த்துப் பார்த்தது. தகுதியானவை நான்கே நான்கு சோதனைகள், மொத்தம் 125 பேர். நன்மை இருக்கலாம் என்ற சாயல் தெரிந்தது, அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. இன்னொரு ஆபரேஷனைத் தள்ளிப்போட, முடிந்தால் தவிர்க்க, முயன்று பார்க்கத் தகுந்த வழி என்ற அளவில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராடு சூடாகுமா? எலும்புக்காக வரும் காயில்களின் பலம் ஒன்றிரண்டு மில்லி டெஸ்லாவுக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த அளவில் டைட்டானியம் ராடு சூடாகாது, இழுக்கப்படவும் மாட்டாது, டைட்டானியத்தைக் காந்தம் ஒட்டாது. ஆனால் உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தம் பிடிக்கும் உலோகம் அருகில் இருந்தால் புலம் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் சிதறிவிடும், சிகிச்சை வீணாகும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வேறொரு கருவியிடம். சில பிசியோ சென்டர்களில் 2 டெஸ்லா வரை போகும் பெரிய மெஷின் இப்போது வந்திருக்கிறது, போட்டால் தொடைச் சதை தானாகவே வெட்டி வெட்டி இழுக்கும். ஒருவர் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார், ஒவ்வொரு துடிப்புக்கும் பக்கிள் டக் டக்கென்று அதிர்ந்ததை நானே பார்த்தேன். மோதிரத்தோடு உட்கார்ந்தால் மோதிரம் சுடும். அந்த மெஷின் பக்கம் ராடு வைத்த காலோடு போகாதீர்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் இதற்கும் அதற்கும் பலத்தில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

காயிலை மாடலைப் பொறுத்து தினமும் 3 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரம் வரை மாட்டச் சொல்வார்கள், அதுவும் மாதக்கணக்கில். முறிந்த இடத்துக்கு நேராக வைப்பதுதான் முக்கியம், நான்கு விரல் தள்ளி வைத்தால் பாதிப் பலன் போச்சு. முதல் நாள் டாக்டரிடம் கேட்டு பேனாவால் தோலில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். முறிவுக்கு நடுவே இடைவெளி எலும்பின் பாதி அகலத்துக்கு மேல் இருந்தால், உள்ளே சீழ் இருந்தால், முறிந்த முனைகளுக்கு நடுவே பொய் மூட்டு உருவாகியிருந்தால், காயில் உதவாது. கையெழுத்துப் போட்டு வாடகைக்கு எடுக்கும் முன் இந்த மூன்றையும் எக்ஸ்-ரேயை வைத்துக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, நானாகக் கேட்கிறேன். சிகரெட் உண்டா தம்பி? இருந்தால் இன்றோடு விடுங்கள். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும், எலும்பு கூடாமல் போவதற்கு அது பெரிய காரணம். ஒரு பக்கம் பத்து மணி நேரம் காயில், இன்னொரு பக்கம் சிகரெட் என்றால் ஒரு கையால் கட்டி மறுகையால் இடிக்கிற மாதிரி.

வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இடுப்பு வலி என்கிறாள். என் மேட்டில் படுக்கச் சொல்லலாமா? – ஒரு தாய், விழுப்புரம்

வேண்டாம் அம்மா. கையேட்டிலேயே கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருப்பார்கள், பாருங்கள். வயிற்றுக்குழந்தையை வைத்துச் சோதனை செய்து பார்க்க யாருக்கும் மனம் வராது, அதனால் "பாதுகாப்பானது" என்று யாரும் சான்று தரவும் முடியாது. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு. இரண்டு ராத்திரியில் வித்தியாசம் தெரியும்.

பிசியோ சென்டரில் வேலை பார்க்கும், இரண்டு மாதக் கர்ப்பமான சேலத்துத் தங்கைக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்புக்குள் சூடு கொடுக்கும் ஷார்ட் வேவ் டயாதெர்மி மெஷினையும் காந்த மெஷினையும் பிரசவம் வரை கூட வேலை செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். கட்டாயம் ஆன் பண்ண வேண்டி வந்தால், ஆன் பண்ணியதும் குறைந்தது ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். தூரம் போகப் போகப் புலம் மளமளவென்று குறைந்துவிடும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எங்கள் ஏரியாவில் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு மேட் விற்கிறார்கள். ஒரு மேட்டின் விலை ஒன்றரை லட்சம். சுகர், பி.பி., கேன்சர் வரை குணமாகுமாம். அம்மா இன்சுலினைப் பாதியாகக் குறைத்துவிட்டார். – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை. மேட் அம்மாவுக்கு நேரடியாக எந்தத் தீங்கும் செய்யாமல்கூட இருக்கலாம், ஆனால் குறைத்த இன்சுலின் செய்யும். இன்றைக்கே சுகர் பாருங்கள், டாக்டர் சொன்ன அளவுக்கே இன்சுலினைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இன்சுலின் பம்ப் மாட்டியிருந்தால் அதோடு மேட் பக்கமே போகக் கூடாது.

காந்தத் துடிப்பு சுகரைக் குணமாக்காது. எலும்பு கூடுவதற்கும் மூட்டு வலிக்கும்தான் ஓரளவு ஆராய்ச்சி இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு 2013-ல் காக்ரேன் 9 சோதனைகளை, 636 பேரைச் சேர்த்துப் பார்த்ததில் வலி ஓரளவு குறைந்தது தெரிந்தது, நடமாட்டம் கூடியதாக உறுதியாகவில்லை. அவ்வளவுதான் இதன் எல்லை. சுகர், புற்றுநோய், பக்கவாதம் இவற்றையெல்லாம் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் வருட மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டப்படி குற்றம். மருத்துவக் கருவி என்று சொல்லி விற்றால் 2017-ம் வருட மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் இருக்க வேண்டும். உரிம எண் என்ன என்று மண்டபத்தில் எழுந்து நின்று கேளுங்கள். ஏமாற்று வேலை நடந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. எந்த மருத்துவக் கருவியாலும் உடம்புக்குத் தீங்கு வந்திருந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம், அதற்கென்றே அரசு அமைப்பு இருக்கிறது.

நான் கண்ட ஒன்றையும் எழுதிவிடுகிறேன். முதுகு வலி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், எங்கேயோ மூன்று மாதம் காந்த சிகிச்சை எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்பின் மேல் ஒவ்வொரு கணுவாக விரலால் தட்டிக்கொண்டு வந்தேன், ஒரு இடத்தில் துள்ளிவிட்டார். ராத்திரியில் வலி அதிகமா என்று கேட்டேன், ஆமாம் என்றார். சாயங்காலம் காய்ச்சல் மாதிரி வருகிறதா, ஆமாம். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்பில் காசநோய். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிற நோய்தான், நல்ல வேளையாகக் காலில் பலம் போவதற்குள் ஆரம்பித்துவிட்டோம். அந்த மூன்று மாதமும் காந்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை, நோய்தான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பு என்று கேட்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம்தான். காய்ச்சலோடு வலி, எடை குறைதல், ராத்திரி எழுப்பும் வலி, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, காலில் பலம் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர், மற்றதெல்லாம் அப்புறம்.

என் பேரனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்பதற்கான காக்ளியர் இம்பிளான்ட் வைத்தார்கள். நான் மேட்டில் படுத்திருக்கும்போது வந்து மேலே ஏறி விளையாடுகிறான். – ஒரு பாட்டி, தேனி

அவன் எழுந்து போன பிறகு போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, அல்லது கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். அவன் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு காந்தமும் ஒரு சுருளும் இருக்கின்றன. வெளிக் கருவி போய் ஒட்டிக்கொள்வதும் சத்தத்தை உள்ளே அனுப்புவதும் அதை நம்பித்தான். நீரேறிய தலைக்காக ஷன்ட் என்கிற வடிகுழாய் வைத்த குழந்தைகளுக்கும் இதே எச்சரிக்கை. சில ஷன்ட் வால்வுகளை வெளியிலிருந்து காந்தத்தை வைத்துத்தான் டாக்டர்கள் திருகி அளவு மாற்றுகிறார்கள். டாக்டர் வைத்த அளவை மேட் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது, குழந்தை தலைவலி, வாந்தி என்று படுத்தபிறகுதான் தெரியும். அதோடு, ஒரு நோயும் இல்லாத குழந்தைகளையும் "வளர்ச்சிக்கு நல்லது" என்று படுக்கவைக்காதீர்கள். அவர்களின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, எலும்புக் காயில்களே வளர்ந்தவர்களுக்காக வந்தவைதான்.

தம்பிக்கு மன அழுத்தம். மாத்திரை போதவில்லை, டி.எம்.எஸ். என்று தலையில் காந்த சிகிச்சை தரலாம் என்கிறார் டாக்டர். "அதுவும் காந்தம், இதுவும் காந்தம், மேட்டைத் தலைக்கு அடியில் வைத்தால் போதும்" என்கிறார் மாமா. சின்ன வயதில் தம்பிக்கு இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்திருக்கிறது. – ஒரு அக்கா, திருச்சி

கடைசி வரியில் நீங்கள் எழுதியதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் தங்கச்சி. அதை டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லை என்றால் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்னால் சொல்லுங்கள். எத்தனை வயதில் வந்தது, காய்ச்சலோடு வந்ததா, மாத்திரை எடுத்தானா என்று எல்லாம். டி.எம்.எஸ். மூளைக்குள் நரம்பைத் தூண்டும் அளவுக்குப் பலமானது, ஒன்றரை டெஸ்லா, இரண்டு டெஸ்லா வரை போகும். அதில் வலிப்பு வருவது அபூர்வம், ஆனால் வரக்கூடியதுதான். வலிப்பு வந்த சரித்திரம் உள்ளவர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் முடிவெடுப்பார்.

மாமா சொல்வது போல இரண்டும் ஒன்றில்லை. டி.எம்.எஸ்.ஸை மன அழுத்தத்துக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2008-ல் ஏற்றது. முதல் நாள் தலையில் சுருளை வைத்து, கட்டைவிரல் எந்த அளவில் துள்ளுகிறது என்று பார்த்து, அந்த ஆளுக்கேற்ற அளவைக் குறிப்பார்கள். டொக் டொக்கென்று சத்தம் பலமாக இருக்கும், அதனால் காதில் அடைப்பான் வைத்தே செய்ய வேண்டும், வைக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். மேட்டில் இந்த அளவுக்குப் பலமும் இல்லை, குறிபார்த்து வைக்க ஆளும் இல்லை. தலைக்கடியில் வைப்பதை மாமாவிடம் பேசி நிறுத்திவிடுங்கள். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள். தம்பி வாழ்க்கையே வேண்டாம் என்பது போலப் பேசினால் 14416-க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள்.

இந்தக் காந்த அலையாலேயே புற்றுநோய் வராதா? – ஒரு வாசகர், வேலூர்

எக்ஸ்-ரே போல மரபணுவை நேரடியாக உடைக்கும் கதிர் இல்லை இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-ல் வீட்டு மின்சாரத்தால் வரும் தாழ் அதிர்வெண் காந்தப் புலத்தை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உண்டு" என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மைதான். நாள் முழுக்க, வருடக்கணக்காக அதிகப் புலத்தில் இருந்த குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளை வைத்து அப்படிச் செய்தார்கள். காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. ஒரு பெரியவர் முழங்காலுக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்வதற்கு இதைச் சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் ராத்திரி முழுக்க, வருடம் முழுக்க மேட்டிலேயே தூங்குவதை ஏற்க மாட்டேன்.

ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்கள் கட்டி உள்ள இடத்தில் வைக்கக் கூடாது என்று கருவி செய்பவர்களே எழுதுகிறார்கள். மூளைக் கட்டி ஒன்றுக்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஒரு கருவியைக் காட்டி மேட் விற்கிறார்களாம். அது தலையில் பட்டைகளை ஒட்டி நொடிக்கு இரண்டு லட்சம் தடவை மாறும் மின்புலத்தைக் கொடுப்பது. நம் மேட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மகன் சிங்கப்பூரிலிருந்து மேட் வாங்கி அனுப்பினான். எனக்கு 71 வயது. பேட்டரி, பிளேட் எதுவும் கிடையாது, ஃபிட்ஸ் கிடையாது. மூட்டு வலி கொஞ்சம் கேட்கிறது போலத்தான் இருக்கிறது. காதுக்கு மெஷின் போட்டிருக்கிறேன். நான் போட்டுக்கொள்ளலாமா, கூடாதா? – ஒரு வாசகி, மதுரை

போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. எல்லாக் கடிதத்துக்கும் வேண்டாம் வேண்டாம் என்று எழுதி எழுதி எனக்கே வருத்தமாக இருந்தது. மகன் ஆசையாக அனுப்பியிருக்கிறான், உங்களுக்கு இதமாகவும் இருக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, உடம்பில் எங்காவது ரத்தக் கசிவு இருந்ததா, உறுப்பு மாற்று நடந்ததா, இதை மட்டும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கையேட்டில் எத்தனை மில்லி டெஸ்லா என்று போட்டிருக்கிறதா என்று பேரப்பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணே போடாமல் "செல் சக்தி", "பூமி அதிர்வு" என்று மட்டும் எழுதியிருந்தால் மகனை விட்டுக் கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு அளவு தெரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன், நம் ஊரில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா (ஆயிரம் மைக்ரோ டெஸ்லா ஒரு மில்லி டெஸ்லா), ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் பக்கத்தில் வைத்தால் சில மில்லி டெஸ்லா, எம்.ஆர்.ஐ. 1.5 டெஸ்லா. உங்கள் மேட் இதில் எங்கே நிற்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். ஃபோனில் இருக்கும் திசைகாட்டியை வைத்து அளக்கப் பார்க்காதீர்கள், வேகமான துடிப்பை அது சரியாகப் பிடிக்காது.

முதல் வாரம் எல்லாவற்றிலும் குறைந்த அளவில், பத்து நிமிடம். தலைசுற்றல், குமட்டல், வலி கூடுதல் எதுவும் இல்லை என்றால் இருபது நிமிடம் வரை போகலாம். எழும்போது சட்டென்று எழாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து எழுங்கள். சார்ஜர் வயரில் வெட்டு, பிளக் சூடாவது இருந்தால் மாற்றாமல் போடக் கூடாது. ஈரத் துணியோடு படுக்கக் கூடாது. ஏ.டி.எம். கார்டு, ஃபோன், கைக்கடிகாரம் எல்லாம் வேறு மேசையில் இருக்கட்டும். படுக்கும் முன்னால் காது மெஷினைக் கழற்றி அதன் டப்பாவில் போட்டு, கட்டிலுக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிடுங்கள். மெஷினைக் கழற்றிவிட்டால் காலிங் பெல் கேட்காது, அதனால் வீட்டில் யாராவது இருக்கும் நேரமாகப் பார்த்துப் படுங்கள்.